பசை காயும் வரை

டிசம்பர் பிறந்துவிட்டால் தூத்துக்குடியிலிருந்து நாகர்கோவில் வரை, கிறிஸ்தவ வீடுகளின் வாசலில் நட்சத்திரம் ஏறிவிடும். வானம் பெரும்பாலும் மூடிக்கொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழை இன்னும் விடைபெற்றிருக்காது. முற்றத்தில் ஈரம், சுவரில் ஈரம், கொடியில் காயப்போட்ட சட்டையில் ஈரம். எதுவுமே சீக்கிரம் காயாத இந்த மாதத்தில்தான், குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வண்ணத்தாளையும் பசையையும் எடுக்கிறோம். ஒட்டிய தாள் நழுவுகிறது. ஒட்டிய இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியிருக்கிறது. சும்மா இருப்பது நமக்கு எளிதில் வருவதில்லை. வேறு எதையும் செய்ய முடியாமல், தாளை அழுத்திப் பிடித்தபடி இருக்கும் அந்தச் சிறு நேரத்துக்குள் சற்றே நிதானமாக இறங்கிப் பார்ப்போம், வாருங்கள்.

மனம் எப்போதும் அடுத்ததில் வாழ்கிறது. நட்சத்திரம் செய்ய உட்கார்ந்தவுடனேயே, அது வாசலில் தொங்குவதை மனம் பார்த்துவிடுகிறது. தொங்கப்போகும் நட்சத்திரத்துக்கும் இப்போது கையிலிருக்கும் குச்சிக்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது அல்லவா, அந்தத் தூரம்தான் நம்முடைய தவிப்பு. அதைச் சீக்கிரம் கடந்துவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது. கடந்துவிட்டால் நிம்மதி என்று மனம் சொல்கிறது. ஆனால், ஒன்றைக் கடந்தவுடன் மனம் இன்னொன்றைக் காட்டுகிறது. நட்சத்திரம் முடிந்தால் குடில், குடில் முடிந்தால் பலகாரம், பலகாரம் முடிந்தால் புதுத்துணி. நிம்மதி எப்போதும் அடுத்த வேலைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பதாகவே நமக்குத் தோன்றிக்கொண்டிருக்கிறது.

குழந்தைக்கு இந்தத் தூரம் இல்லை. நாலு வயதுக் குழந்தையிடம் பசைக் கிண்ணத்தைக் கொடுத்துப் பாருங்கள். விரலை முக்கும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்க்கும், மெல்லப் பிரிக்கும், இரண்டுக்கும் நடுவில் இழுபடும் வெள்ளை நூலைப் பார்க்கும், மறுபடி சேர்க்கும். எத்தனை முறை என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது, எண்ணுகிறவர்கள் நாம். நட்சத்திரம் என்ன ஆயிற்று என்று நாம் பதறுகிறோம். குழந்தையோ பசையில் இருக்கிறது. முழுமையாக, மிச்சம் வைக்காமல், அங்கேயே இருக்கிறது. தியானத்தில் அமர்ந்து எந்த இடத்துக்குப் போய்ச் சேர விரும்புகிறோமோ, அந்த இடத்தில் அது கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது.

அதனால்தான் இந்தச் சின்ன வேலைகளைக் குழந்தைகளுக்குப் பொழுதுபோக்கு என்று மட்டும் நினைக்க எனக்கு மனம் வருவதில்லை. இதில் கற்றுக்கொள்ள வந்தவர்கள் நாமும்தான்.

பசையிலிருந்தே தொடங்கலாம். கடையில் குப்பியில் கிடைக்கிறது, உண்மைதான். ஆனாலும் வீட்டிலேயே மைதாப் பசை காய்ச்சுவதில் ஓர் அழகு இருக்கிறது. ஒரு பங்கு மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு நாலைந்து பங்கு தண்ணீர் விட்டு, சிறு தீயில் வைத்துக் கிளற வேண்டும். முதலில் ஒன்றுமே நடக்காது. பால்போல் வெளுத்த தண்ணீர் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். பிறகு ஒரு கட்டத்தில், கரண்டியில் கை உணரும் எதிர்ப்பு மாறும். வெண்மை மங்கி, ஒரு பளபளப்பு ஏறும். அப்போது இறக்கிவிட வேண்டும். பொறுமையிழந்து தீயை ஏற்றினால் அடியில் கட்டி தட்டிவிடும். நம் மனமும் இந்தப் பசையைப் போன்றதுதான். சிறு தீயில்தான் பதம் வருகிறது. சுவரொட்டிக்குப் பசை காய்ச்சுகிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். குழந்தை கை வைக்கிற பசையில் அதைச் சேர்க்கவே கூடாது, அது நஞ்சு. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்வதே நல்லது. மறுநாள் புளித்துவிட்டால் வருந்த என்ன இருக்கிறது? நாளைக்கென்று சேர்த்துவைக்க முடியாத பொருள்களோடு பழகுவது மனத்துக்கு நல்லது.

அடுத்து நட்சத்திரம். விளக்குமாறாகக் கட்டாத புதிய தென்னை ஈர்க்குச்சிகள் போதும். கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் மூங்கிலைச் சீவிய மெல்லிய குச்சிகள். ஒரே நீளத்தில் ஐந்து குச்சிகள். ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போட்டு, ஐந்து முனைகளையும் நூலால் கட்டினால் ஒரு நட்சத்திரச் சட்டம். இதைப்போல இன்னொன்று. இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து ஐந்து முனைகளிலும் கட்டிவிட்டு, நடுவே குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் விரல் நீளக் குச்சிகளைச் செருகினால், இரண்டு சட்டங்களும் விலகி நடுவில் வயிறு உப்பிக்கொள்ளும். அதன்மேல் வண்ணத்தாளை ஒட்டினால் விளக்குக் கூடு. உள்ளே மெழுகுவர்த்தி வேண்டாம்; சூடேறாத சிறு எல்இடி பல்பு ஒன்று போதும்.

இதில் குழந்தையின் பங்கு என்ன என்று கேட்கலாம். முடிச்சுப் போட அதற்கு வராது. கத்தரிக்கோலும் மழுங்கிய முனையுள்ளதாக இருந்தால்தான் கொடுக்க முடியும். குழந்தையின் பங்கு, பிடித்துக்கொள்வது. நாம் நூலைச் சுற்றும்போது, இரண்டு குச்சிகள் சேரும் முனையை அந்தச் சின்ன விரல்கள் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அது பிடிக்கும்போது நாம் கட்டுகிறோம். அது விட்டால் குச்சி நழுவுகிறது. ஒருவர் மூச்சு இன்னொருவர் கையில் படும் தூரத்தில் இரண்டு தலைகள் குனிந்திருக்கின்றன. பேச்சு தானாகவே குறைந்துவிடுகிறது. நாலு முனை கட்டியும் சட்டம் தளதளவென்று ஆடிக்கொண்டேதான் இருக்கும்; இது நிற்குமா என்ற சந்தேகம் நமக்கே வரும். ஐந்தாவது முடிச்சு விழுந்ததும் நின்றுவிடும். "நின்னுட்டு!" என்று குழந்தை கத்துகிற அந்த நொடியில், அதன் வியப்பு நமக்கும் தொற்றிக்கொள்கிறது. எத்தனையோ நட்சத்திரங்களைக் கடையில் வாங்கி மாட்டியிருக்கிறோம். அது எப்படி நிற்கிறது என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

இனி நுட்பமான இடத்துக்கு வருகிறோம். குழந்தை ஒட்டிய தாள் கோணலாக இருக்கும். ஓரம் சுருங்கியிருக்கும். சிவப்புத் தாளுக்கு நடுவில், யாரும் கேட்காமலே, ஒரு பழுப்புத் தாள் வந்து உட்கார்ந்திருக்கும். ஜிகினாவைப் பரவலாகத் தூவச் சொன்னால், அத்தனையும் ஒரே மூலையில் குவிந்திருக்கும். நம் கை துறுதுறுக்கிறது. குழந்தை தூங்கிய பிறகு அந்த ஓரத்தை மட்டும் பிரித்து நேராக ஒட்டிவிடலாமே என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. வாசலில் தொங்கப்போவதல்லவா, வருகிறவர்கள் பார்ப்பார்களே என்று அந்தக் குரல் நியாயமும் சொல்கிறது.

அந்தக் குரலை விரட்ட வேண்டாம். அதோடு சண்டையும் வேண்டாம். அது வருவதைப் பார்த்தால் போதும். எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் போதும். கோணல் தாளில் இருக்கிறதா, தாளைப் பார்க்கும் கண்ணில் இருக்கிறதா? பிறர் பார்வையில் நாம் எப்படித் தெரிவோம் என்ற பழைய ஆசை, இன்று ஒரு காகித நட்சத்திரத்தின் ஓரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வேறு நாளில் அது வேறு எதிலோ உட்காரும். இத்தனை சின்ன இடத்தில் அது வெளிப்படும்போதுதான் அதை நம்மால் பயமில்லாமல் பார்க்க முடிகிறது. பார்த்துக்கொண்டே இருந்தால், அது தானாக ஒரு பெருமூச்சு விட்டு எழுந்து போய்விடுகிறது. நேராக்குவதற்கு நீண்ட கை மெல்ல மடிமேல் திரும்பிவிடுகிறது. கோணல் கோணலாகவே இருக்கிறது. நமக்குத்தான் இப்போது அதனோடு எந்த வழக்கும் இல்லை.

கைவேலையை இறைவனிடமிருந்து தூரமான ஒன்றாக நினைக்க இந்தப் பண்டிகை நம்மை விடுவதில்லை. யார் பிறந்தநாளுக்காக இதையெல்லாம் செய்கிறோமோ, அவரே ஒரு தச்சரின் வீட்டில் வளர்ந்தவர். மாற்கு நற்செய்தி அவரையே தச்சர் என்று சொல்கிறது. போதிக்கத் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது என்று லூக்கா எழுதுகிறார். அதற்கு முந்தைய நாசரேத்து ஆண்டுகளைப் பற்றி நற்செய்திகள் அதிகம் சொல்வதில்லை. மரம், உளி, மரச்சுருள், யோசேப்பின் பக்கத்தில் உட்கார்ந்து எதையோ பிடித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன் என்று நாம் நினைத்துப் பார்க்கலாம். உலகம் அறியாத அந்த அமைதியான ஆண்டுகள், உலகம் அறிந்த ஆண்டுகளைவிடப் பல மடங்கு நீண்டவை. 17ஆம் நூற்றாண்டில் பாரிசில் ஒரு கார்மேல் மடத்தின் சமையலறையில் வேலைபார்த்த சகோதரர் லாரன்ஸ், பாத்திர ஓசைக்கு நடுவிலும் ஜெபவேளையில் இருப்பதுபோலவே இறைவனோடு இருக்க முடியும் என்று தன்னிடம் வந்தவர்களுக்குச் சொல்லிவந்தார். பாத்திரம் கழுவும் இடத்தில் கிடைத்தது, பசை காய்ச்சும் இடத்தில் கிடைக்காமல் போகுமா?

குழந்தைகளுக்கு ஒரே கேள்விதான். "இன்னும் எத்தனை நாளு ஆச்சி?" காலையில் ஒருமுறை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒருமுறை, படுக்கும்போது ஒருமுறை. இதே கேள்வி ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒருவர் காதில் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. யோஹான் ஹின்ரிஹ் விஹெர்ன் என்ற அந்த இறையியலாளர், ஆதரவற்ற ஏழைப் பிள்ளைகளுக்காக 1833இல் ஓர் இல்லம் தொடங்கியிருந்தார். கிறிஸ்துமஸ் வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று பிள்ளைகள் தினமும் கேட்டார்கள். 1839இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து அதன்மேல் மெழுகுவர்த்திகளை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி நான்கு. மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகள். நாளுக்கு ஒன்றாக ஏற்றப்பட்டது. இன்று உலகமெங்கும் ஆலயங்களில் திருவருகைக் காலத்தில் நாம் பார்க்கும் நான்கு மெழுகுவர்த்தி வளையத்தின் ஆரம்பம் அதுதான்.

அவர் பிள்ளைகளின் ஆசையை அடக்கவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். பொறுமையாக இருங்கள் என்று உபதேசம் செய்து அனுப்பிவிடவும் இல்லை. ஆசைக்கு உட்கார ஒரு சக்கரம் கொடுத்தார். தினமும் ஒரு சுடர் கூடக்கூட, காத்திருப்பே ஒரு வெளிச்சமாகிவிட்டது. ஆசை நம்மை அலைக்கழிப்பது அதற்கு வீடில்லாதபோதுதான். அதைக் கையில் எடுத்து, அதற்கென்று ஒரு சிறு செயலைக் கொடுத்து, தினமும் அதே நேரத்தில் அதன் பக்கத்தில் உட்கார்ந்தால், அது அடங்கிய நாய்க்குட்டியாக நம் காலடியில் படுத்துக்கொள்ளாவிட்டாலும், முன்னளவு இழுப்பதில்லை. நம் வீட்டில் சக்கரம் தேட வேண்டியதில்லை. மூன்று வயதுக் குழந்தைகூடச் செய்யக்கூடியது காகிதச் சங்கிலி. பழைய நாளிதழையோ வண்ணத்தாளையோ விரல் அகலத்துக்கு வெட்டி, ஒரு வளையத்துக்குள் இன்னொன்றை மாட்டி ஒட்டிக்கொண்டே போவது. நாளுக்கு ஒரு வளையம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். கிழித்துக் குறைப்பவர்களும் உண்டு. எனக்குச் சேர்ப்பதுதான் பிடிக்கும். காத்திருந்த நாட்கள் தீர்ந்துபோனவையாக இல்லாமல், கூடிவந்தவையாகக் கண்முன் நீள்கின்றன. ஈரத்தில் வளையம் ஒட்டாமல் குழந்தை சிணுங்கினால், "காயட்டும்லா மக்கா, என்ன அவசரம்?" என்று ஆச்சி சொல்லுவார். அந்த ஒரு வாக்கியத்தை நமக்கும் யாராவது தினமும் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நட்சத்திரம் செய்வதிலும் அப்படி ஒரு ஜெர்மானியக் கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மொரேவியத் திருச்சபையார் நடத்திய பள்ளியில் கணிதப் பாடத்துக்காகக் காகிதக் கூம்புகளைச் சேர்த்துப் பல முனை நட்சத்திரம் செய்யும் வழக்கம் பிறந்தது. ஹெர்ன்ஹூட் ஊரின் விடுதியில் தங்கிப் படித்தவர்களில் பலர் மறைப்பணியாளர்களின் பிள்ளைகள். அப்பாவும் அம்மாவும் கடலுக்கு அப்பால் எங்கோ ஒரு நாட்டில் இருக்க, பிள்ளைகள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று உட்கார்ந்து நட்சத்திரத்தின் முனைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினார்கள். அந்தப் பிள்ளைகளின் கைகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஏக்கம் நெஞ்சை அடைக்கும்போது கைக்கு ஒரு வேலை இருந்திருக்கிறது. ஏக்கம் அதனால் போய்விட்டிருக்காது. ஆனால், அது இருந்த இடத்திலேயே ஒரு விளக்கும் இருந்தது.

குடிலைப் பற்றித்தான் அதிகம் சொல்ல ஆசை. நம் ஊர்க் குடில்கள் தாராளமானவை. வைக்கோல் கூரை, ஆற்று மணல், கசக்கிய பழுப்புத் தாளில் மலை, முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்தால் குளம். களிமண் பிசைந்து கொடுத்தால் குழந்தை முதலில் உருண்டை பிடிக்கும், பிறகு பாம்பு உருட்டும், பிறகு இரண்டையும் ஒட்டி இதுதான் ஒட்டகம் என்று சொல்லும். ஒட்டகத்துக்குப் பக்கத்தில் ஒரு யானை வரும். யானைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஆட்டோ ஒன்று வந்து நிற்கும். "இது யாரு?" என்று கேட்டால், "இது பாலன் இயேசுவோட பூனை" என்று பதில் கிடைக்கும். இருக்கட்டும். மாடும் கழுதையும்கூட லூக்காவின் கதையில் இல்லை. ஏசாயாவின் முதல் அதிகாரத்தில், தன் எஜமானை அறிந்துகொள்ளும் மாட்டையும் கழுதையையும் பற்றி வருவதிலிருந்து, பின்னாளில் மக்களின் அன்பு அவற்றைத் தொழுவத்துக்குள் ஓட்டிவந்தது. அந்த அன்புக்குப் பூனை ஒரு பொருட்டா? சத்திரத்தில் இடமில்லாமல் போன ஒருவருக்காகக் கட்டும் வீட்டில், யாருக்கும் இடமில்லை என்று சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது.

குடிலைச் சுற்றிப் பசும்புல் வேண்டும் என்று, இரண்டு வாரத்துக்கு முன்பே தட்டில் மண் பரப்பி, ஊறவைத்த கேழ்வரகையோ நெல்லையோ தூவி வைப்பவர்கள் உண்டு. குழந்தைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எதுவும் எனக்குத் தெரியவில்லை, அதாவது குழந்தையோடிருக்கும் பெரியவர்களுக்கு. விதை தூவிய அன்று மாலையே குழந்தை மண்ணைக் கிளறிப் பார்க்கும். நாமும் நம் ஜெபங்களை, நம் பிள்ளைகளை, நம் முயற்சிகளை அப்படித்தான் கிளறிக் கிளறிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் தெளிக்கலாம். நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு நகர்த்தி வைக்கலாம். முளைப்பதை நாம் செய்ய முடியாது. செய்ய முடியாத ஒன்றின் பக்கத்தில் தினமும் போய் நின்றுவிட்டு வருவதில் ஓர் ஓய்வு இருக்கிறது. பாரம் நம்முடையதில்லை என்று உடம்புக்கே தெரிந்துவிடுகிறது.

குடில் முழுவதும் நிரம்பியிருக்க, ஒரே ஓர் இடம் வெறுமையாக இருக்கும். நடுவில் இருக்கும் தீவனத் தொட்டி. மரியாள், யோசேப்பு, இடையர் சுரூபங்களெல்லாம் இடத்துக்கு வந்துவிட்டாலும், பாலன் சுரூபத்தை 24ஆம் தேதி இரவு வரை பல வீடுகளில் வைப்பதில்லை. அலமாரியில் துணி சுற்றிக் காத்திருக்கும். குழந்தைகளுக்கு இது தாங்காது. இப்போதே வைத்தால் என்ன என்று கேட்பார்கள். வைத்தால் ஒன்றுமில்லைதான். ஆனால், அந்த வெறுமையைக் கொஞ்சம் பார்க்கப் பழகுவோம் என்று அவர்களைச் சேர்த்து அணைத்துக்கொண்டு உட்காரலாம்.

1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரெச்சோ என்ற மலையூரில் அசிசியின் புனித பிரான்சிஸ் அமைத்த குடில்தான், நம் குடில்களுக்கெல்லாம் மூத்தது என்பார்கள். அவர் வாழ்க்கையை முதலில் எழுதிய செலானோ தோமாஸ் சொல்வதைப் பார்த்தால் அங்கே இருந்தவை மூன்றுதான்: வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை. சுரூபம் எதுவும் வைத்ததாக அவர் சொல்லவில்லை. பெத்லகேமின் வறுமையைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று விரும்பிய பிரான்சிஸ், பண்டிகைக்கு ஏறக்குறைய பதினைந்து நாளுக்கு முன்பு அவ்வூர்ப் பிரபு ஒருவரிடம் சொல்லி இவற்றை ஏற்பாடு செய்தார். அன்றிரவு ஊர் மக்கள் தீப்பந்தங்களும் மெழுகுவர்த்திகளும் ஏந்தி வந்தார்கள். திருப்பலி நடந்தது. அங்கிருந்த ஒருவருக்கு, அந்த வெறும் வைக்கோலின்மேல் ஒரு குழந்தை உறங்குவதாகவும், பிரான்சிஸ் அருகில் போய் அதை எழுப்புவதாகவும் காட்சி தெரிந்தது என்று தோமாஸ் எழுதியிருக்கிறார்.

வெறுமையாக விட்ட இடத்தில்தான் அது நடந்தது. நம் மனத்தில் அப்படி ஓர் இடத்தை நாம் விட்டுவைப்பதில்லை. ஒரு கணம் காலியானால் உடனே எதையாவது எடுத்து வைத்துவிடுகிறோம். ஒரு கவலை, ஒரு திட்டம், கைபேசியில் ஒரு காணொளி. காலியான இடம் நமக்குக் குறையாகத் தெரிகிறது. குழந்தையோடு சேர்ந்து கட்டிய குடிலில், மூன்று வாரம் நடுவே ஒரு காலி இடத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தால், வெறுமைக்கும் நமக்கும் உள்ள பகை மெல்லத் தணிகிறது. ஒன்றும் இல்லாமலிருப்பது ஒன்றுக்காகக் காத்திருப்பதாக மாறுகிறது. காத்திருப்பதும், பிறகு, வெறுமனே இருப்பதாகக் கனிகிறது.

கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்னொரு பழக்கமும் உண்டு. குழந்தை ஒரு நல்ல காரியம் செய்தால் அந்தத் தொட்டியில் ஒரு வைக்கோல் இடலாம். தங்கைக்குப் பொம்மையை விட்டுக்கொடுத்தால் ஒன்று. சொல்லாமலே தண்ணீர் எடுத்துக்கொடுத்தால் ஒன்று. பிறக்கப்போகும் பாலனுக்கு மெத்தை தயாராகிறது. இனிமையான பழக்கம்தான். எண்ணத் தொடங்காதவரைக்கும். அண்ணன் பத்து போட்டான், நான் ஆறுதான் என்று கணக்கு வந்துவிட்டால், அங்கே மெத்தை இல்லை, கல்லாப்பெட்டி இருக்கிறது. யார் போட்டது என்று தெரியாமல் போட்டால் நல்லது. பெரியவர்களும் போட வேண்டும், குழந்தைகள் பார்க்காதபோது. காலையில் எழுந்து பார்த்தால் வைக்கோல் கூடியிருக்கும். யாரோ ஏதோ நன்மை செய்திருக்கிறார்கள் என்ற எண்ணத்தோடு ஒரு குழந்தைக்கு நாள் விடிவது எவ்வளவு பெரிய செல்வம்.

கடைத்தெருவைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. மின்னும் பிளாஸ்டிக் நட்சத்திரங்களும் பெட்டியில் மடித்து வரும் மரங்களும் அவரவர் வசதி. நேரமே இல்லாத வீடுகள் இருக்கின்றன. இரண்டு வேலைக்குப் போய்த் திரும்பும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாங்கி மாட்டும் நட்சத்திரத்திலும் அதே வெளிச்சம்தான். கேட்பதெல்லாம், ஓர் அரைமணி நேரம். எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். ஒன்று போதும். ஒரு சங்கிலி, அல்லது ஒரு வாழ்த்து அட்டை, அல்லது களிமண்ணில் ஓர் ஆட்டுக்குட்டி. கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, விரலெல்லாம் பசையோடு, எழுந்துபோக முடியாதபடி உட்கார்ந்திருக்கும் ஓர் அரைமணி நேரம். வேலை முடியாவிட்டால் நாளை பார்த்துக்கொள்ளலாம். அந்த அரைமணி நேரத்தில் மூச்சு நிதானமாவதை நீங்களே கவனிப்பீர்கள். யாரும் கற்றுத்தராமல், தாளை அழுத்திப் பிடித்திருக்கும்போதே அது நிகழ்ந்துவிடும்.

24ஆம் தேதி இரவு நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய்வந்து, தூக்கம் வழியும் கண்களோடு குழந்தை பாலன் சுரூபத்தைத் தொட்டியில் வைக்கும். சில வீடுகளில் புறப்படும் முன்பே வைத்துவிடுவார்கள். எப்படியானாலும் அந்தச் சுரூபத்தைக் குழந்தையின் கையிலேயே கொடுங்கள். விழுந்து உடைந்துவிடுமோ என்ற பயம் நமக்கு இருக்கும். பின்னாலிருந்து நம் கையை ஏந்திக்கொள்ளலாம், பிடுங்கிக்கொள்ள வேண்டாம்.

திருக்காட்சிப் பெருவிழா முடிந்ததும் குடிலைக் கலைக்கிறோம். கட்டும்போது இருந்த அதே நிதானம் கலைக்கும்போதும் இருந்தால் நல்லது. குழந்தைகள் கலைப்பதை நம்மைவிட எளிதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். களிமண் ஒட்டகத்தைத் தண்ணீரில் போட்டால் மீண்டும் களிமண். மணல் தென்னைமரத்தடிக்குப் போகும். காகிதச் சங்கிலி கிழிந்திருக்கும், அதை வைத்துக்கொள்ள வேண்டாம். நட்சத்திரத்தின் சட்டம் மட்டும் பத்திரமாக இருந்தால், அடுத்த ஆண்டு புதுத்தாள் ஒட்டிக்கொள்ளலாம். அப்போது முடிச்சைக்கூட அந்தக் குழந்தையே போடும். கிரெச்சோவில் அன்றிரவு இருந்த வைக்கோலை மக்கள் எடுத்துவைத்து, நோயுற்ற கால்நடைகளுக்குக் கொடுத்து, அவை குணமானதாகச் செலானோ தோமாஸ் எழுதுகிறார். நம் தொட்டியில் சேர்ந்த வைக்கோலையும், புல்லாக வளர்ந்து நிற்கும் கேழ்வரகையும், தெருவில் மாடு வைத்திருப்பவர் யாராவது இருந்தால் அவர் வீட்டுக்கு எடுத்துப்போங்கள். பசுவின் முன்னால் குழந்தையே அதைப் போடட்டும்.